காவற்பெட்டியும் பொதுவுரிமமும்

ஒரு காரியாலயத்தின் கணினிகளுக்கும் வெளியுலகிற்கும் இடையே நின்று, வருவன போவன அனைத்தையும் சோதித்து விடுக்கும் கருவியை ஃபயர்வால் என்பர். பெருவிலைக்கு விற்கப்படும் இக்காவற்பெட்டிகள் பலவற்றினுள் இயங்குவது, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் மென்பொருளேயாம். விலையின்றிப் பெற்றதை விலைக்கு விற்றல் முறையோ எனின், முறையே. லினக்ஸை ஆளும் ஜி.பி.எல். என்னும் பொதுவுரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. அது விற்பனையைத் தடுப்பதன்று. அது வேண்டுவது வேறு. பெட்டியோடு உரிமத்தின் வாசகத்தையும் அளித்தல் வேண்டும். அவ்வுரிமத்திற்குட்பட்ட நிரல்களின் மூலத்தை, விற்போர் செய்த திருத்தங்களுடன், உடன் கொடுத்தல் வேண்டும். அன்றேல் கேட்போர்க்கு அளிப்பதாக, மூன்றாண்டிற்குக் குறையாது செல்லும் வாக்குறுதியை எழுதிக் கொடுத்தல் வேண்டும். தாம் தனியே எழுதிய நிரல்களை வெளியிடவேண்டுவதில்லை. ஆயினும் 'தனியே' என்பதன் எல்லை யாது என்பது வல்லுநரிடையே தீராத வழக்கு.

பொதுவில் விடப்பட்ட பொருளுக்கு உடையவர் இலர் எனப் பலர் எண்ணுவர். ஈண்டே அவர் வழுவுகின்றனர். நிரலை எழுதியோர் தம் பதிப்புரிமையைத் துறந்தாரல்லர். அதன் வலியாலேயே நிபந்தனை விதிக்கின்றனர். மீறுவோர்க்கு அநுமதி அற்றுப்போம். அதன்பின் பெட்டியை விற்பது, பிறர் நூலை அவர் இசைவின்றி அச்சிட்டு விற்பதனோடொக்கும்.

இஃது ஏட்டளவில் நின்ற கொள்கையன்று. லினக்ஸினுள் காவற்றொழில் புரியும் பகுதி நெட்ஃபில்டர் எனப்படும். அதனை ஆக்கியோருள் ஒருவராகிய ஜெர்மானியர் ஹெரால்ட் வெல்ட்டே, 2004-இல் நெதர்லாந்து நாட்டுச் சைட்காம் நிறுவனத்தின் ஜெர்மானியக் கிளையின்மீது மியூனிக் நீதிமன்றத்தில் தடையுத்தரவு பெற்றார். 2005 ஏப்ரலில், காவற்பெட்டி செய்வதில் பெயர்பெற்ற ஃபோர்டினெட்டின் இங்கிலாந்துக் கிளைக்கும் அந்நீதிமன்றம், உரிமத்திற்கு இணங்குமளவும் விற்பனை கூடாதெனத் தடை விதித்தது. லினக்ஸ் உள்ளிருப்பது புலனாகாவண்ணம் மறைக்குறியாக்கத்தால் மூடினர் என்பது வெல்ட்டேயின் குற்றச்சாட்டு. பின்னர் மூலத்தை அளிக்க அந்நிறுவனம் உடன்பட, வழக்குச் சமாதானத்தில் முடிந்தது.

மூலத்தைக் காட்டின் காவல் குலையுமே என்பர் சிலர். உலகமெல்லாம் படித்துவரும் லினக்ஸை ஒரு பெட்டியினுள் ஒளிப்பதால் யார் கண்ணுக்கு மறைப்பதென்பது எமக்கு விளங்கவில்லை. வாங்கியவர் கண்ணுக்கே போலும்! 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெருங்குறை வெளிப்பட்டது. சிஸ்கோ, ஜூனிப்பர் முதலியோரின் கருவிகள் சிலவும் அதற்கு இலக்காயின. அம்மென்பொருளின் அந்நாளைய உரிமமோ மூலத்தைக் கேட்டதன்று; எம் மென்பொருள் இதனுள் உளதென்று ஒரு வரி குறித்தல் வேண்டும் என்றது. பதிப்பெண்ணை உரையாதெனினும், ஒருவரும் புரட்டாத கையேட்டின் இறுதியிற் கிடந்த அவ்வரியே, தம் பெட்டியையும் ஐயுற வேண்டுமோ என்று வாங்கியவர் அறிதற்கு அன்று உதவத்தக்கதாயிருந்தது.