வேண்டாத சேவலும் மார்க்கச் சட்டமும்

கோழி வளர்க்கும் இல்லங்களில் அடிக்கடி எழும் மஸ்அலா இது. அடைவைத்துப் பொரிந்த குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகிவிடும். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். நாலைந்து மாதமானதும் இளஞ்சேவல் மூத்ததோடு மோதும்; அதன் கூவலால் அண்டை வீட்டாரும் முறையிடுவர். எரிச்சலில் நாம் அதைச் சபிக்கிறோம். தொழுகைக்கு எழுப்பும் சேவலை ஏசலாகாது என்ற கருத்தில் ஹதீஸ் அபூதாவூதில் வந்துள்ளது. ஆகவே நாவை அடக்கிக்கொண்டு வழி தேடுவோம்.

அறுத்துண்பது ஆகுமானதே. பிறருக்குக் கொடுப்பதும் விற்பதும் ஆகும். ஆனால் யாருக்கு? இதில்தான் நம்மவர் அசட்டையாக இருக்கிறார்கள். சந்தையில் காலையும் கழுத்தையும் தடவிப் பார்த்துக் கூடுதல் விலை கேட்பவர் குழம்புக்காகக் கேட்பதில்லை! பிராணிகளை மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். சண்டைக்கு விடுவார் என்று அறிந்தோ, மிகைத்த எண்ணம் கொண்டோ ஒருவருக்குச் சேவலை விற்பது ஹராம் என்கிறது ஷாஃபிஈ சட்ட நூலான ஃபத்ஹுல் முஈன். வியாபாரம் செல்லுபடியாகும், பாவமும் சேரும். வெறும் சந்தேகமானால் மக்ரூஹ். 'விற்றபின் அவர் பாடு' என்பது இங்கே எடுபடாது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் கண்ட கூட்டிலிருந்து விற்பதானால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைப்பது மோசடி.

ஆள் கிடைக்கும் வரை தீனியும் தண்ணீரும் நம் பொறுப்பு. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் செய்தியை அறிந்தவர்கள், சேவலைக் கூடைக்கடியில் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போகமாட்டார்கள்.