பால்கோவா லாபத்தில் யாருக்கு எவ்வளவு?
(இரண்டு விகிதங்களை ஒன்றாக்கும் கணக்கு)



இந்த மாதக் கணக்குப் பாடத்தை நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறோம்.

போன ஆடிப்பூரத் திருவிழா சமயம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்தில், நம் குழுவைச் சேர்ந்த மூன்று அக்காமார் சேர்ந்து பால்கோவா போட்டார்கள். ஒருவர் பாலைக் கடனாகக் கொடுத்து, கூடமாட நின்று வேலை பார்த்தவர். இன்னொருவர் அடுப்படியில் நின்று கிண்டியவர். மூன்றாமவர் பெட்டி போட்டு, பஸ் ஏறிப் போய் விற்றவர். பால் விலை, சர்க்கரை, விறகு, அட்டைப்பெட்டி, பஸ் செலவு, உள்கடன் வட்டி எல்லாவற்றையும் கழித்தபின் 7,000 ரூபாய் கையில் நின்றது. (விற்ற பணத்தை அப்படியே பங்கு போடக்கூடாது, செலவைக் கழித்த பிறகுதான் பங்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததே.)

பங்கு எப்படிப் பேசியிருந்தார்கள்? முதலில் பால் கொடுத்தவரும் கிண்டியவரும் மட்டும்தான் இருந்தார்கள். "எனக்கு ரெண்டுன்னா உனக்கு மூணு" என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதினார்கள். இரண்டு வாரம் கழித்து விற்கும் அக்கா வந்து சேர்ந்தார். கிண்டியவர் அவரிடம், "எனக்கு நாலு, உங்களுக்கு அஞ்சு" என்றார். அதுவும் நோட்டில் ஏறியது, ஆனால் வேறொரு பக்கத்தில்.

பங்கு பிரிக்கும் நாளில் நாங்கள் கூட்டத்துக்குப் போயிருந்தோம். அவசரத்தில் 2, 3, 5 என்று எடுத்துக்கொண்டோம். மொத்தம் 10 பங்கு, ஒரு பங்கு 700 ரூபாய். பால் கொடுத்தவருக்கு 1,400, கிண்டியவருக்கு 2,100, விற்றவருக்கு 3,500. கூட்டினால் 7,000 சரியாக வந்தது. கையெழுத்தும் போட்டுவிட்டோம்.

அடுத்த இரண்டு கூட்டத்துக்குப் பால் அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். கிண்டிய அக்காதான் நேரில் கேட்டுவிட்டார்: "ஏன் மேடம், நாலுக்கு அஞ்சுன்னுதான பேசுனோம்? எனக்கு நாலு பங்குக்கு 2,100ன்னா ஒரு பங்கு 525. அஞ்சு பங்குக்கு 2,625தான வரும்? அவுகளுக்கு எப்பிடி 3,500 போச்சு?"

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்களுக்கு வாயடைத்துப் போனது.

தவறு எங்கே என்று பார்க்கப் புளியங்கொட்டையை எடுத்து உட்கார்ந்தோம். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதிப் பார்ப்பதைவிட இது சுலபம். முதல் பேச்சுக்கு ஒரு வரிசை: பால் அக்காவுக்கு 2 கொட்டை, கிண்டியவருக்கு 3. இரண்டாம் பேச்சுக்குக் கீழே ஒரு வரிசை: கிண்டியவருக்கு 4, விற்றவருக்கு 5. இப்போது பாருங்கள். கிண்டியவர் ஒரே ஆள்தான். மேல் வரிசையில் அவருக்கு 3 கொட்டை, கீழ் வரிசையில் 4 கொட்டை. அப்படியானால் மேல் வரிசைக் கொட்டையும் கீழ் வரிசைக் கொட்டையும் ஒரே அளவு இல்லை. உழக்கால் ஐந்து அளந்ததையும் ஆழாக்கால் ஐந்து அளந்ததையும் சேர்த்துப் பத்து என்போமா? நாங்கள் செய்தது அதைத்தான்.

சரி செய்ய ஒரே வழி, இரண்டு வரிசையிலும் வருகிற அந்த ஆளின் எண்ணிக்கையைச் சமமாக்குவது. 3-ம் 4-ம் ஒன்றாகச் சந்திக்கும் இடம் எது? 3, 6, 9, 12. இந்தப் பக்கம் 4, 8, 12. ஆகவே 12. (பள்ளிப் பிள்ளைகள் இதை மீ.சி.ம. என்பார்கள். வீட்டில் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்லிக்கொடுக்கும்.) 3 என்பது 12 ஆக 4 மடங்கு வேண்டும். அதனால் மேல் வரிசை முழுவதையும் 4 மடங்காக்குகிறோம்: 2-க்கு 3 என்பது 8-க்கு 12 ஆகிறது. கீழ் வரிசையை 3 மடங்காக்குகிறோம்: 4-க்கு 5 என்பது 12-க்கு 15. ஒரு வரிசையில் ஒருவருக்கு மட்டும் பெருக்கிவிட்டு மற்றவரை விட்டுவிடக்கூடாது. பெருக்கினால் வரிசையில் உள்ள இரண்டு பேருக்கும்தான்.

இப்போது மூன்று பேரும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டார்கள்: 8 : 12 : 15. கூட்டினால் 35 பங்கு. 7,000-ஐ 35-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 200 ரூபாய். பால் அக்காவுக்கு 1,600, கிண்டியவருக்கு 2,400, விற்றவருக்கு 3,000. கூட்டுத்தொகை சரியாக வந்தால் மட்டும் போதாது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். பேசிய பேச்சோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். 1,600-க்கு 2,400 என்பது 2-க்கு 3 தானே? 2,400-க்கு 3,000 என்பது 4-க்கு 5 தானே? இரண்டும் சரி.

ஆக, பால் அக்காவுக்கு 200 ரூபாயும் கிண்டியவருக்கு 300 ரூபாயும் குறைத்துக் கொடுத்திருந்தோம். விற்ற அக்கா கொட்டைகளைத் தானே ஒருமுறை அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் 500 ரூபாயைக் கொண்டுவந்து கூட்டத்தில் வைத்தார். பால் அக்காவும் வந்திருந்தார். நோட்டில் தவறு எங்களுடையது என்று எழுதி, கையெழுத்தும் நாங்களே போட்டோம்.

நம் பாட்டிமார் மாகாணி, அரைக்கால் என்று வாயாலேயே கணக்குப் போட்டவர்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. இந்த மாதிரிக் கணக்குகளுக்காகவே காரிநாயனார் எழுதிய 'கணக்கதிகாரம்' என்ற பழைய தமிழ் நூல் இருக்கிறது. கணக்கு நமக்குப் புதுசு இல்லை, நடுவில் விட்டுப்போனதுதான்.

இதே முறை அடுப்படிக்கும் உதவும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் ஆர்டர் வந்தால் எவ்வளவு பால், எவ்வளவு சர்க்கரை வாங்குவது? கணக்குக்காக, 8 லிட்டர் பாலுக்கு 1 கிலோ சர்க்கரை என்றும், 3 லிட்டர் பாலுக்கு 1 கிலோ பால்கோவா என்றும் வைத்துக்கொள்வோம். (பாலின் திடத்தைப் பொறுத்து இது மாறும். உங்கள் பாலில் ஒருமுறை போட்டு, நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இங்கே இரண்டு பக்கமும் வருவது பால். 8-ம் 3-ம் சந்திப்பது 24. ஆகவே 24 லிட்டர் பால், 3 கிலோ சர்க்கரை, 8 கிலோ பால்கோவா. 40 கிலோ ஆர்டர் என்றால் 5 மடங்கு: 120 லிட்டர் பால், 15 கிலோ சர்க்கரை. 40-ஐ 3-ஆல் பெருக்கி, பிறகு 8-ஆல் வகுத்தும் இதே விடையைக் கொண்டுவரலாம். ஆனால் 24 : 3 : 8 என்று அடுப்படிச் சுவரில் ஒருமுறை எழுதிவிட்டால், எந்த ஆர்டர் வந்தாலும் மடங்கு பார்த்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். புதிதாக ஒருவர் தொழிலில் சேரும் அன்றைக்கே எல்லாருடைய பங்கையும் ஒரே வரியில் திருப்பி எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். லாபம் வந்த பிறகு எழுதினால் மனசு கோணும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி என்றாலே பேண்டேஜ் துணிதான். அங்கே மூன்று பெண்கள் சேர்ந்து வேலை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். துணி வெட்டுபவருக்கும் சுருட்டுபவருக்கும் 5-க்கு 3. பாக்கெட் போடுபவருக்கும் சுருட்டுபவருக்கும் 1-க்கு 2. மொத்தக் கூலி 3,800 ரூபாய். யாருக்கு எவ்வளவு? இரண்டாம் விகிதத்தில் யாரை முதலில் சொல்லியிருக்கிறோம் என்று பார்த்துவிட்டுக் கொட்டையை அடுக்குங்கள், அங்கேதான் சறுக்கும்.

விடை: வெட்டுபவர் 2,000, சுருட்டுபவர் 1,200, பாக்கெட் போடுபவர் 600.