ஸ்கிரீன் போட்டால் பிள்ளைக்கு வாந்தி வராதா?

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்பினோம். முன்சீட்டின் பின்புறம் புதிதாக மாட்டிய பத்து இஞ்ச் திரையில் தங்கச்சி மகன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வந்தான். மடியில் மக்ரூன் பொட்டலம். பழையகாயல் தாண்டியதும் முகம் வெளிறியது. முக்காணிப் பாலம் வருவதற்குள் தின்ற மக்ரூன் அத்தனையும் சீட்டில். "ஸ்கிரீன் இருந்தா பிள்ளை வாந்தியே எடுக்காதுன்னு கடையில சொன்னாங்களே, அண்ணே?" என்று தங்கச்சி என்னை முறைத்தாள், கடையே என்னுடையது மாதிரி.

கடையில் சொன்னது தலைகீழ். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'வண்டி குலுங்குது, திரும்புது' என்று மூளைக்குச் சொல்கிறது. திரையில் பதிந்திருக்கும் கண் 'ஒண்ணும் அசையலையே' என்கிறது. இந்த வழக்கில் தோற்பது வயிறு. ஏறக்குறைய இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரைதான் இந்தத் தொல்லை அதிகம். பின்சீட்டுத் திரைகளை வாங்குவதும் அந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான். முதல்தடவை வள்ளத்தில் ஏறுகிறவனிடம் நம்ம கரையில் என்ன சொல்வார்கள்? குனிந்து வலையைப் பார்க்காதே, தூரத்தில் கடலும் வானமும் சேருகிற இடத்தைப் பார். காருக்கும் அதே வைத்தியம். பிள்ளையின் கண் ரோட்டில் இருக்கட்டும், காதுக்குப் பாட்டோ கதையோ போதும்.

"டப்பாவுல 4x50 வாட்ஸ்னு போட்டிருக்கு அண்ணாச்சி, வீடே அதிரும்!" கடையில் இந்த வசனத்தையும் கேட்காமல் யாரும் கார் ஸ்டீரியோ வாங்கியிருக்க முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரணக் கார் ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ அதே 14.4-ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் ஏறக்குறைய 52. டப்பாவில் இருக்கும் 50 இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அது ஒலி அலை உச்சியைத் தொடும் அந்த நொடித்துளிக் கணக்கு. அலை ஏறி இறங்குவதைச் சராசரி பார்த்தால் பாதி, அதாவது 26 வாட். உள்ளே வீணாவது போகக் கையில் நிற்பது இருபது சொச்சம். பொய்யென்று சொல்ல முடியாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். அதற்கு மேல் சத்தம் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும். திரை எத்தனை இஞ்ச் என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உப்புக்காற்று திரையைத் தின்றுவிடும் என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கண்ணாடிக்கு அவ்வளவு ஆபத்தில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரை அறுத்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய இணைப்பைத்தான் உப்புக்காற்று தின்னும்; செம்பு பச்சை பிடித்து, ஒரு நாள் இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையாகும். ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முனகுவார், முனகட்டும்.

அடுத்தது கொஞ்சம் விவகாரமானது. "போனைக் கையில தொடலையே, ஸ்கிரீன்லதானே பேசுறேன்." 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. சட்டம் கையைச் சொன்னதும், கை சும்மா இருந்தால் போதும் என்று நாமாக முடிவு கட்டிக்கொண்டோம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. காரிடம் வாயால் கட்டளை சொல்லி முடித்த பிறகும், சில வண்டிகளில், ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது. வாகைக்குளம் டோல்கேட் தாண்டி எண்பதில் போனால் 27 நொடியில் வண்டி 600 மீட்டர் ஓடிவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி இண்டிகேட்டர் போடாமல் வளைய அதில் பத்தில் ஒரு பங்கு தூரம் போதும். என் மச்சான் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக, "இப்ப எவன் ரேடியோ கேக்கான்?" ரேடியோவுக்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, மாவட்டத்தில் பல ஊர்களில் செல்போன் செத்துக் கிடந்ததே, அப்போது யூடியூப் எங்கே போனது? அதுபோக, நம்ம கரைக்கு ஒரு வசதி உண்டு. உப்புத்தண்ணீர் மண்ணைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். அதனால் மத்திய அலை கடல்மேல் அதிகம் தேயாமல் வரும். ஒருகாலத்தில் இலங்கை வானொலி இங்கே உள்ளூர் நிலையம் மாதிரி கேட்டது அப்படித்தான். எஃப்.எம். நேர்கோட்டில் போகும் சாதி. ஆனால் கடல்மேல் காற்று அடுக்கு வாகாக அமைந்த நாளில் அதுவும் அக்கரையிலிருந்து வந்து சேரும்.

திருச்செந்தூரிலிருந்து திரும்பும்போது திரையைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, ரேடியோவைத் திருகிக்கொண்டே வந்தேன். காயல்பட்டினத்துக்கு முன்னால் ஒரு சிங்களப் பாட்டு தெளிவாகப் பிடித்தது. ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு உப்பளத்தில் குவித்திருந்த உப்பை எண்ணிக்கொண்டிருந்த பயல் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இது என்ன பாஷை?"