நறுமணமும் அடைத்த அறையும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. இன்று இவ்வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் குளிர்பதன வசதியுள்ள கூடங்களிலும் அலுவலகங்களிலும் ஒன்றாக அமர்ந்து பணிபுரிகின்றனர். உங்கள் அண்ணனோ அக்காவோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அத்தகைய அறைக்குள் ஒருவர் அடர்த்தியான சென்ட் பூசிக்கொண்டு வருகிறார் என்று கொள்வோம். அவருக்கு அது இனிய மணம். அடுத்த இருக்கையில் உள்ள ஆஸ்துமாக்காரருக்கோ மூச்சுத் திணறுகிறது. இன்னொருவருக்கு ஒற்றைத் தலைவலி தொடங்கிவிடுகிறது. இதற்கு என்ன செய்யலாம்? முதலில் மணம் எவ்வாறு பரவுகிறது என்று காண்போம்.

சென்ட்டிலிருந்து ஆவியாகும் மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவு செல்வதற்குள் காற்று மூலக்கூறு ஒன்றின்மீது மோதித் திசை மாறிவிடுகிறது. ஆகவே அசைவற்ற காற்றில் விரவல் மட்டுமே நிகழ்ந்தால், மணம் 3 மீட்டர் பரவ ஏறத்தாழ ஐந்து நாட்கள் ஆகும்! ஆனால் சில நொடிகளிலேயே நமக்கு மணம் எட்டிவிடுகிறதே, ஏன்? மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, நமது நடமாட்டம், வெப்பச்சலனம் ஆகியவை காற்றோடு மணத்தையும் சுமந்து வருகின்றன.

இனி, மணம் எவ்வாறு நீங்கும்? சாதாரணக் குளிர்பதனப் பெட்டி அறைக் காற்றையே உறிஞ்சிக் குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. அறையின் கன அளவுக்குச் சமமான புதுக்காற்று மணிக்கு ஒரு முறை உள்ளே வந்து நன்கு கலந்தால், 1 மணி நேரத்தில் மணப்பொருளின் அளவு 37 விழுக்காடாகவும், 2 மணியில் 14 ஆகவும், 3 மணியில் 5 ஆகவும் குறையும். மணிக்கு ஆறு முறை வந்தால் அரை மணியிலேயே 5 விழுக்காட்டை எட்டலாம். ஆனால் மணம் பூசியவர் அங்கேயே அமர்ந்திருந்தால் இக்கணக்கு பொருந்தாது. வெளியேறும் அளவு புதிதாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். எனவே, பூசும் அளவைக் குறைப்பதே முதல் வழி.

தூசியைத் தடுக்கும் வடிகட்டி மண மூலக்கூறுகளைத் தடுக்காது. கிளர்வூட்டப்பட்ட கரி அவற்றைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும்; அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பு பல நூறு சதுர மீட்டர். நாற்றத்தை மறைக்க வேறொரு மணத்தைத் தெளிப்பதோ, காற்றில் மேலும் ஒரு பொருளைச் சேர்ப்பதே ஆகும்.

கார்களுக்கு வண்ணம் பூசும் கூடங்களில் இச்சிக்கல் வேறு உருவில் தோன்றுகிறது. வாசனைத் தெளிப்பான், முகப்பூச்சு போன்ற சிலவற்றில் சிலிகோன் உண்டு. அதன் பரப்பு இழுவிசை மிகக் குறைவு. அதன் நுண்துளி ஒன்று ஈரமான வண்ணத்தில் விழுந்தால், சுற்றியுள்ள வண்ணம் விலகி அங்கே சிறு குழி விழும். எனவேதான் இத்தகைய கூடங்களில் பணிபுரிவோர் அவற்றைப் பூசிவரக் கூடாது என்ற விதி உள்ளது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம்: தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி, நடுவில் சோப்பு தொட்ட விரலை வையுங்கள். தூள் ஓரத்திற்கு விரைந்தோடும்.

காரின் தகட்டுக்காக விதி வகுக்கும் நாம், மனிதனின் நுரையீரலுக்காகவும் சற்று எண்ண வேண்டாமா? ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். தொடர்ந்து முகரும் மணத்திற்கு மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். ஆகவே, பூசியவருக்குத் தன் மணம் தெரிவதில்லை. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. "அண்ணே, எனக்கு இந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தனியே பணிவாகச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வர். தீராவிடில் மேற்பார்வையாளரிடம் கூறி, இருக்கையை மாற்றவோ புதுக்காற்றுக்கு வழி செய்யவோ கேட்கலாம்.

பயிற்சி: 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறைக்குள் மணிக்கு 360 கன மீட்டர் புதுக்காற்று வருகிறது. மணம் தரும் பொருளை அகற்றிய ஒரு மணி நேரத்திற்குப் பின் எத்தனை விழுக்காடு மணம் எஞ்சும்? விடை மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது.