நெஃப்ராடிக் குழந்தை உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

காலையில் கண்ணைச் சுற்றி வீங்கி, சாயங்காலம் வற்றிவிடும். பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் இப்படித்தான் தொடங்கும். சிறுநீரில் ஒழுகும் புரதத்தோடு கிருமியை எதிர்க்கும் புரதமும் போய்விடும். கொடுக்கும் ஸ்டீராய்டும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். அதனால் வீட்டில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும்.

1. காலையில் முதல் சிறுநீரைப் பரிசோதனைப் பட்டையில் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து 3 நாள் புரதம் 3+ வந்தால் நோய் திரும்பிவிட்டது. வீக்கம் வரட்டும் என்று காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பட்டை டப்பாவைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும்.

2. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். "முகம் உப்பிப்போச்சே, மாத்திரையை நிறுத்து" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஊருக்குப் போகும்போது ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

3. வீக்கம் இருக்கும் நாட்களில் உப்பு அதிகமுள்ள அப்பளம், ஊறுகாய், கருவாடு, சிப்ஸ் வேண்டாம். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

4. பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது சின்னம்மை போட்டால், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பாதுகாப்பு ஊசி முதல் சில நாட்களில் போட்டால்தான் பலன் தரும்.

5. காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்க்க நேரமில்லை. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி தொற்றியிருக்கலாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

6. அதிக ஸ்டீராய்டு எடுக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. போலியோ சொட்டு மருந்தும் அதில் சேர்த்தி. நிமோனியா தடுப்பூசியும், வருடா வருடம் ஃப்ளூ ஊசியும் அவசியம். வீட்டில் மற்றவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் நல்லது.

7. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், இபுப்ரோஃபென் வேண்டாம்.

8. பெயர் தெரியாத சூரணம் எதையும் கொடுக்காதீர்கள். ஆடுதீண்டாப்பாளை போன்ற மூலிகை அதில் இருக்கலாம்; அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தையே அழித்துவிடும்.

முதல் முறை ஸ்டீராய்டு கொடுத்ததும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 வாரத்துக்குள் புரதம் நின்றுவிடுகிறது. நோய் திரும்பத் திரும்ப வந்தாலும் மனம் தளராதீர்கள். வளர வளரப் பலருக்கு அது முற்றிலும் நின்றுவிடுகிறது. அதுவரை அந்த நோட்டை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.