ரங்கூன் குழம்பும் யாழ்ப்பாணத்துச் சொதியும்

கடம்பத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பெண்பிள்ளைகள் வருவார்கள். காக்களூர், திருமழிசைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். “பாட்டி, வெளிநாட்டுச் சமையல் கத்துக்குடுங்க” என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் புதிதாகக் கரண்டி பிடிக்கும் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

1. தூர தேசத்துச் சாப்பாட்டை முதலில் பக்கத்து ஊரில் தேடுங்கள். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தன. என் மாமியாரும் அப்படி வந்தவர்தான். ரங்கூனில் பிறந்தவர். கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் கைப்பக்குவமும். நம் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் அரைநாள் உட்கார்ந்து பார்த்தால், செல்போனில் பத்து வீடியோ பார்த்தாலும் கிடைக்காதது கிடைக்கும்.

2. முதல் தடவை எதையும் மாற்றாதீர்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருக்களில் விற்கும் அத்தோவைச் சாப்பிட்டிருப்பீர்கள். வீட்டில் செய்யும்போது பலரும் நூடுல்ஸை வாணலியில் போட்டு வதக்குகிறார்கள். அது அத்தோ இல்லை. பர்மிய மொழியில் அந்தச் சொல்லே பிசைந்து கலப்பதைத்தான் குறிக்கிறது. வெந்து ஆறிய நூடுல்ஸ், மெல்லிசாக நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த கடலை மாவு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு, நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுப்பான பர்மிய வடை. எல்லாம் கையால் பிசைய வேண்டும். கடலை மாவு புளித்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நூடுல்ஸில் ஒட்டும். அடுப்பில் வதக்கினால் கோஸ் தண்ணீர் விட்டுக் குழைந்துபோகும்.

3. மொய்ங்காவுக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்குங்கள். பர்மாவில் இது காலைச் சாப்பாடு: அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றும் மீன் குழம்பு. கெளுத்தியோ விராலோ வாங்கி, மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் போட்டு வேகவைத்து, முள் ஒன்றுகூட மிஞ்சாமல் சதையை உதிர்க்க வேண்டும். குழந்தைகள் சாப்பிடுவார்கள், அதனால் விரலால் இரண்டு தடவை தடவிப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாயை அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, உதிர்த்த மீனை அதில் புரட்டி, மீன் வெந்த தண்ணீரை ஊற்றுங்கள். வறுத்த அரிசி மாவையும் கடலை மாவையும் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டால்தான் கட்டி தட்டாது. அப்புறம் வாழைத்தண்டு. வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்துவிடுங்கள். குழம்பில் அது கரையாது, மீனின் சாற்றைக் குடித்து மெத்தென்று நிற்கும். திருவள்ளூர் சந்தையில் தண்டு வாங்கும் போதெல்லாம் மாமியார், “ரங்கூன்லயும் இதேதாம்மா” என்பார். ஊரை விட்டு வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

4. யாழ்ப்பாணத்துத் தேங்காய்ப்பால் குழம்பான சொதியில் வரிசைதான் முக்கியம். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் தேங்காயின் இரண்டாம் பாலில் வேக வேண்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். சூடு தணிந்த பிறகே எலுமிச்சைச் சாறு. அவசரப்பட்டு அடுப்பிலேயே பிழிந்து, பத்துப் பேருக்கு வைத்த சொதியை நான் திரியவிட்டிருக்கிறேன்.

5. புட்டுக்கு மாவை வறுத்து, கொதிநீரைத் தெளித்துத் தெளித்து உதிரியாகக் குழையுங்கள். யாழ்ப்பாணத்தில் புட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டி இல்லாவிட்டால் இட்லித் தட்டில் துணி விரித்து அவிக்கலாம்.

6. ஓவன் இல்லையே என்று கேக்கைத் தள்ளிப்போடாதீர்கள். குக்கரின் கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றி, அடியில் உப்பைப் பரப்பி, தண்ணீர் விடாமல் பத்து நிமிடம் சூடாக்கி, ஒரு தாங்கியின் மேல் தட்டை வையுங்கள். சாதாரண கேக்குக்கு இது போதும். இலங்கையின் லவ் கேக் மட்டும் சீரான சூடு கேட்கும், அதை ஓவன் இருக்கிற வீட்டில் செய்யுங்கள். 125 கிராம் ரவையை இளஞ்சூட்டில் வறுத்து, 125 கிராம் வெண்ணெயில் கலந்து ஊறவையுங்கள். ஆறு மஞ்சள் கருவை 250 கிராம் சர்க்கரையோடு அடித்து, 125 கிராம் நறுக்கிய முந்திரி, தேன், பன்னீர், ஏலம், ஜாதிக்காய் சேருங்கள். சாம்பல் பூசணிக்காய் இனிப்பும் போட வேண்டும். கடைகளில் பேட்டா என்று விற்பதும் அதே சாம்பல் பூசணிதான், பொடியாக நறுக்கிப் போடலாம். இரண்டு வெள்ளைக் கருவை நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்து, 150 டிகிரியில் ஒரு மணி நேரம்போல வையுங்கள். மேலே பொன்னிறமாக வர வேண்டும், நடுவில் ஈரம் இருக்க வேண்டும்.

7. மிஞ்சிய நாலு வெள்ளைக் கருவைக் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரை சேர்த்துக் கெட்டி நுரையாக அடித்து, முந்திரிப் பொடியைக் கலந்து, சின்னச் சின்னக் கூம்பாக வைத்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் உலர்த்தினால் தூத்துக்குடி மக்ரூன். அந்தப் பெயர் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பார்கள். பாதாம் இருக்க வேண்டிய இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்துவிட்டது.

8. பெரியவர்கள் “ஒரு கை” என்று சொன்னால் அந்தக் கையைத் தராசில் கொட்டி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். என் மாமியாரின் கைப்பிடிக் கடலை மாவு 40 கிராம் இருந்தது. அவர் இருந்தபோதே நிறுத்துப் பார்த்ததால்தான் இன்று என் பேத்தி மொய்ங்கா வைக்கும்போது குழம்பு அதே பதத்தில் நிற்கிறது.