அடுப்பை அணைத்தபின் ஊற்றும் எண்ணெய்

மதுரையில் பிறந்து நாகர்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். பிறந்த வீட்டில் சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும்தான். தேங்காய் எண்ணெய் தலைக்கு. இங்கே அவியல், துவரன், மீன்கறி, பப்படம் எல்லாமே அதில். தலைக்கா, தாளிக்கவா என்ற குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. சின்னப் பாட்டிலில் விற்பது சமையல் எண்ணெயா, கூந்தல் எண்ணெயா என்று வரித்துறையும் கம்பெனிகளும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. சமையல் எண்ணெய் என்றும் கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 டிசம்பரில்தான்.

அவியலுக்கு முதலிலேயே சட்டியில் எண்ணெய் ஊற்றப் போன என் கையைப் பிடித்து மாமியார் சொன்னது இன்றும் என் சமையலை நடத்துகிறது: "அடுப்ப அணச்சுட்டு ஊத்து மக்ளே." காய் வெந்து, தேங்காய் அரைப்பும் தயிரும் சேர்ந்து, ஒரு கொதி வரும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். மேலே கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, இரண்டு சின்னக் கரண்டி பச்சை எண்ணெயைச் சுற்றி விட்டு, உடனே மூடிவிட வேண்டும். இந்த எண்ணெயின் மணம் சூட்டில் பறந்துவிடும். ஒரு குழிக்கரண்டி ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் கிடைக்காத வாசனை, கடைசியில் விடும் இரண்டு கரண்டியில் கிடைக்கிறது. மீன்கறிக்கும் இதே கதைதான். தீயலுக்குத் துருவலைச் சிவக்க வறுக்கும்போது தேங்காயே எண்ணெய் விடும். சட்டியில் நாம் ஊற்றுவதற்கு வேலையே இல்லை. புளிக்குழம்புக்கு மட்டும் நான் இன்னும் மதுரைக்காரி, நல்லெண்ணெய்தான்.

பொரிப்பது வேறு விஷயம். நேந்திரங்காய் வறுவலுக்குத் தேங்காய் எண்ணெய்க்கு ஈடு கிடையாது, ஆனால் புகைய விடக்கூடாது. மிஞ்சியதைக் கடலை எண்ணெயோடோ சூரியகாந்தி எண்ணெயோடோ கலந்து மறுபடி பொரிக்கவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் நுரை பொங்கி அடுப்பு மேலெல்லாம் வழியும்.

தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நல்லதா என்று கேட்டால், ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடித்தால் இளைக்கலாம் என்று ஒரு கூட்டம். ஜெர்மனியில் கரின் மிஷெல்ஸ் என்ற பேராசிரியை 2018இல் இந்த எண்ணெயை விஷம் என்றே சொல்லிவிட்டார். எனக்கு இரண்டும் மிகையாகப் படுகிறது. என் கணவரின் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். கூடியிருப்பதைப் பார்த்து மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பிறகுதான் நான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஒரு மேசைக்கரண்டி என்பது ஏறத்தாழ 14 கிராம். தேங்காய் எண்ணெயில் அதில் 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. அன்றாட ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் இந்தக் கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டியிலேயே அன்றைய பங்கு தீர்ந்துபோகிறது. பலரும் மறப்பது தேங்காயை: 100 கிராம் துருவலில் மட்டும் 33 கிராம் கொழுப்பு, அதுவும் பெரும்பாலும் இதே ரகம். அவியலில் அரைத்ததைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணெய் பாட்டிலை மட்டும் முறைத்து என்ன பயன்?

16 ஆய்வுகளைத் தொகுத்து 'சர்க்குலேஷன்' இதழ் 2020இல் வெளியிட்ட அலசலில், மற்ற தாவர எண்ணெய்களைவிடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டியிருந்தது. நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லும் 4 கூடியது. அதை வைத்துக் கெட்டதைக் கழித்துவிட முடியாது. இளைப்பதைப் பற்றிய பேச்சுக்கு மூலம் எம்.சி.டி. என்ற நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பாகத் தனியாகத் தயாரிக்கும் எண்ணெயில் செய்த ஆய்வுகள். நம் செக்கு எண்ணெயில் பாதி லாரிக் அமிலம். உடம்பு அதைப் பெரும்பாலும் மற்ற நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடத்துகிறது.

"எங்க பாட்டா இதத்தானே சாப்பிட்டாரு?" என்று கணவர் மடக்கினார். சாப்பிட்டார். வயலில் பகல் முழுக்க நின்றார். பப்படம் விருந்துக்குத்தான் பொரிந்தது. எங்கள் வீட்டில் அது தினமும் பொரிந்துகொண்டிருந்தது. இப்போது பப்படத்தைத் தணலில் சுடுகிறோம், தாளிப்புக்கு வேறு எண்ணெய், தேங்காய் எண்ணெய் கடைசியில் விடுவதற்கு மட்டும். 2025இல் விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது தெருவே புலம்பியது. எங்களுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

கொஞ்சமாக வாங்குவதால் நல்லதாகவே வாங்கலாம். கொப்பரையில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகப் புகை போடும் வழக்கம் உண்டு. செக்கில் கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். ஈரக் கரண்டி பட்டால் சிக்கு வாடை வரும், நாக்கில் சோப்புப் போல ஒட்டும். மார்கழியில் உறைந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைச் சற்று நேரம் நிறுத்தினால் போதும், அடுப்பில் வைக்க வேண்டியதில்லை.